சேலம் 1692: சிறுமிகளின் இழுப்பு எப்படித் தூக்குமரம் வரை போனது?

தெருவிளக்கு (கேள்வி)

மாசசூசெட்ஸ் சேலத்தில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் ஒரே பல்லவி. சிறுமிகளுக்குப் பேய் பிடித்தது, ஊரே வெறி பிடித்து ஆடியது, பெண்களை உயிரோடு எரித்தார்கள். அவ்வளவுதான், கட்டுரை முடிந்துவிடும்.

எனக்கு வேண்டியது நடுவில் உள்ள படிகள். ஊர் வெறி பிடித்து ஆடுவது ஒன்று. வாரண்ட் போட்டு, விசாரித்து, ஜூரி உட்கார்ந்து, தீர்ப்பு எழுதி ஆளைத் தூக்கில் போடுவது வேறொன்று. முதலாவது எந்த இடத்தில் இரண்டாவதாக மாறியது? கல்லூரி வரை படித்த ஆட்கள் எதையெல்லாம் ஆதாரம் என்று ஏற்றுக்கொண்டார்கள்? ரொட்டியில் இருந்த பூஞ்சைதான் காரணம் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அது எவ்வளவு தேறும்? கடைசியில் யார், எப்படி நிறுத்தினார்கள்?

"மதம் என்றாலே இப்படித்தான்" ரகப் பதில் வேண்டாம். அதை நானே சொல்லிக்கொள்வேன்.

பழைய ஏடு

எரித்த கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. இங்கிலாந்தின் 1604ஆம் ஆண்டுச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. மாசசூசெட்ஸ் இங்கிலாந்தின் காலனி. எரித்தது ஐரோப்பியக் கண்டத்திலும் ஸ்காட்லாந்திலும். சேலத்துக் கணக்கு இது: தூக்கில் போனவர்கள் 19 பேர், அதில் 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவர் கல் ஏற்றி நசுக்கப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150 பேருக்கு மேல்.

1692 ஜனவரியில் சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டில், 9 வயது மகள் பெட்டிக்கும் 11 வயது உறவுக்காரப் பெண் அபிகெய்ல் வில்லியம்ஸுக்கும் இழுப்பு (வலிப்பு) கண்டது. (கிராமம் வேறு, நகரம் வேறு. கிராமம் இன்றைய டான்வர்ஸ். வழக்கு நடந்தது துறைமுகமான சேலம் நகரத்தில்.) மருத்துவர் பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறில்லை, ஏதோ "தீய கை" பட்டிருக்கிறது என்றார். பிறகு ஒரு மாதம் போல ஜெபமும் உபவாசமுமாகப் போனது. யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25 வாக்கில் பக்கத்து வீட்டு மேரி சிப்லி ஒரு யோசனை சொன்னார். ரை (கோதுமை போன்ற தானியம்) மாவில் சிறுமிகளின் சிறுநீரை ஊற்றிப் பிசைந்து, அடை சுட்டு நாய்க்குப் போட்டார்கள். சூனியம் வைத்தவர் யாரென்று அது காட்டிக்கொடுக்குமாம். பாரிஸுக்குத் தெரிந்ததும் சபை நடுவே சிப்லியைக் கண்டித்தார்: சாத்தானை விரட்டச் சாத்தானிடமே உதவிக்குப் போனாயே என்று. ஆனால் அதற்குள் பிள்ளைகள் வாயில் பெயர்கள் வந்துவிட்டன.

பெயர் வந்ததோடு நின்றிருந்தால் அது ஊர்வம்பு. பிப்ரவரி 29 அன்று தாமஸ் பட்னம் உட்பட நான்கு ஆண்கள் மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் பிராது கொடுத்தார்கள். நீங்கள் கேட்ட "மாறிய இடம்" இதுதான். 12 வயதுப் பெண் அலறலாம், உருளலாம். அவள் அலறலுக்கு வாரண்ட் வராது. பெரியவர் ஒருவர் பிராது கொடுத்தால்தான் வரும். அந்த வருடம் பிடிபட்டவர்கள் பெயரைச் சொன்னது பிள்ளைகள், பிராது கொடுத்தது பெரியவர்கள். பட்னம் குடும்பத்தார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் மாட்டிய மூவரையும் பார்த்தால் புரியும். டிட்டுபா, பாரிஸ் வீட்டு அடிமை. ஆவணங்கள் அவரைப் பூர்வகுடிப் பெண் என்றே குறிக்கின்றன. சாரா குட், வீடு வீடாகக் கையேந்தியவர், கொடுக்காவிட்டால் முணுமுணுத்துக்கொண்டே போவார். சாரா ஆஸ்போர்ன், சொத்துத் தகராறில் இருந்தவர், நோயாளி, தேவாலயத்துக்கு வருவதில்லை. மூவருக்கும் பரிந்து பேச ஆளில்லை.

மார்ச் 1 அன்று விசாரணை. சத்திரத்தில் நடக்க வேண்டியது. கூட்டம் தாங்காமல் ஜெபக்கூடத்துக்கு மாற்றினார்கள். மாஜிஸ்திரேட் ஜான் ஹாதோர்ன் சாரா குட்டிடம் கேட்டது பதிவில் இருக்கிறது.

"எந்தக் கெட்ட ஆவியோடு உனக்குப் பழக்கம்?"
"எதோடும் இல்லை."
"சாத்தானோடு ஒப்பந்தம் எதுவும் போடவில்லையா?"
"இல்லை."
"இந்தப் பிள்ளைகளை ஏன் வதைக்கிறாய்?"

'வதைக்கிறாயா' என்றுகூட இல்லை பாருங்கள். 'ஏன்' என்று நேராகக் காரணத்துக்குப் போய்விட்டார். இந்தக் கேள்விக்கு நிரபராதி சொல்லக்கூடிய பதிலே கிடையாது. இன்னொன்று: பிள்ளைகளை எதிரே நிறுத்தி, இவர்தானா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். ஒருத்தி விழ, மற்றவர்களும் விழுந்தார்கள்.

டிட்டுபா முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். பாஸ்டனிலிருந்து வந்த ஆள், மஞ்சள் குருவி, குறி போட ஒரு புத்தகம் என்று விவரமாகச் சொன்னார். புத்தகத்தில் ஒன்பது குறிகள் இருந்தன என்றார்; அதில் குட், ஆஸ்போர்ன் இருவரைத்தான் அடையாளம் காட்டினார். மற்றவை யாருடையவை? ஊர் அந்த மிச்சக் கணக்கை நிரப்பக் கிளம்பியது. ஒன்பதில் நிற்கவுமில்லை.

அரசாங்க நிலைமையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காலனியின் சாசனம் (ஆட்சி நடத்த அரசர் தந்த உரிமைப் பத்திரம்) 1684இல் ரத்தானது. 1689இல் பாஸ்டன்காரர்கள் கவர்னர் ஆண்ட்ரோஸைப் பிடித்து அடைத்தார்கள். புதுச் சாசனம் வரும்வரை உயிர் போகிற வழக்கை நடத்தக்கூடிய, அதிகாரம் உறுதியான நீதிமன்றம் இல்லை. ஆக மார்ச் முதல் மே வரை உள்ளே தள்ள முடிந்தது, விசாரித்து வெளியே விட முடியவில்லை. வடக்கே மெய்ன் எல்லையில் போர் வேறு. அங்கிருந்து தப்பி வந்தவர்களும், பெற்றோரைப் பறிகொடுத்து வேலைக்காரப் பெண்ணாக நின்ற மெர்சி லூயிஸ் போன்றவர்களும் சாட்சிக் கூட்டத்தில் இருந்தார்கள்.

மே 14 அன்று புதுக் கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் வந்து இறங்கியபோது சிறைகள் நிரம்பிக் கிடந்தன. மே 27இல் சிறப்பு நீதிமன்றம் அமைத்தார். தலைமை, துணை கவர்னர் வில்லியம் ஸ்டௌட்டன், படித்தது இறையியல். சட்டம் படித்துத் தேர்ந்தவர் அந்த மேடையில் ஒருவருமில்லை. ஜூன் 2 முதல் அமர்வு. ஜூன் 10 அன்று பிரிட்ஜெட் பிஷப் தூக்கில்.

வழக்காடி

பழைய ஏடு நீதிமன்ற வாசல் வரை கொண்டுவந்துவிட்டார். உள்ளே ஆதாரம் என்று என்ன வைத்தார்கள் என்பதை நான் சொல்கிறேன். ஒன்றை மனதில் வையுங்கள்: குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு வக்கீல் கிடையாது. மாஜிஸ்திரேட் முன் நடந்த முதல் விசாரணையின் எழுத்துப் பதிவு அப்படியே ஜூரி வரை போகும். அந்தப் பதிவைச் சில நாட்கள் எழுதியது யார் தெரியுமா? போதகர் பாரிஸேதான். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரரே குமாஸ்தா.

உருச் சாட்சியம். "அவளுடைய உரு வந்து என் கழுத்தை நெரித்தது." உரு கண்ணுக்குத் தெரிவது பாதிக்கப்பட்டவளுக்கு மட்டும். அந்த நேரம் நான் பத்து மைல் தள்ளி இருந்தேன், சாட்சி உண்டு என்றால், உடம்புதான் அங்கே, உரு இங்கே என்பார்கள். சம்பவ இடத்தில் இல்லை என்ற வாதம் இதோடு செத்தது. எதிர்த்து நிரூபிக்க வழியே இல்லாத சாட்சியம் இது. இது ஒரே ஒரு இறையியல் அனுமானத்தின் மேல் நின்றது: நிரபராதியின் உருவைச் சாத்தான் எடுத்துக்கொள்ளக் கடவுள் விடமாட்டார். ஸ்டௌட்டன் அதில் கடைசி வரை அசையவில்லை.

போதகர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கவர்னரும் அவருடைய ஆலோசனைச் சபையும் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜூன் 15 அன்று பாஸ்டன் போதகர்கள் பதில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது காட்டன் மேத்தர். சாத்தான் நல்லவர் உருவிலும் வரலாம், இந்தச் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்காதீர்கள், தொட்டதும் பார்த்ததும் சரியாவதையும் தவறாத ஆதாரமாகக் கொள்ளாதீர்கள் என்று பக்குவமாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிப் பத்தியில் வழக்கை விரைவாகவும் தீவிரமாகவும் நடத்தும்படி பரிந்துரைத்துவிட்டார்கள். நீதிமன்றத்துக்கு அந்தக் கடைசிப் பத்தி போதுமானதாக இருந்தது.

தொடு சோதனை. இழுப்பில் கிடப்பவளைக் குற்றவாளி தொட வேண்டும். சூனியக்காரியின் கண்ணிலிருந்து பாய்ந்த நஞ்சு தொட்டதும் அவளிடமே திரும்பிவிடும், இழுப்பு நிற்கும் என்பது கோட்பாடு. நூறு பேர் கண்ணெதிரே நின்றுவிடும். அதனால்தான் ஜூரியை இது உலுக்கியது. இதில் உள்ள ஓட்டை, தொடுவது யார் என்பது தொடப்படுபவளுக்குத் தெரியும். இது அன்றைக்குத் தெரியாத விஷயமும் இல்லை. இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் 1662 வழக்கில் ஒரு சிறுமியின் கண்ணை மூடிவிட்டு வேறொரு பெண்ணைத் தொடவிட்டுப் பார்த்தார்கள். அதே துள்ளல். சோதித்துப் பார்த்த கனவான்கள் இது வேஷம் என்று மன்றத்தில் சொன்னார்கள். அப்படியும் நீதிபதி மேத்யூ ஹேல் முன்னால் குற்றம் சாட்டப்பட்ட இரு பெண்களுக்கும் தூக்கு. அந்த வழக்கின் அச்சறிக்கையைத்தான் சேலத்தில் முன்னுதாரணமாகக் காட்டினார்கள். கண்கட்டுச் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

உடல் சோதனை. சாத்தான் அனுப்பிய ஏவல் பிராணிக்குப் பாலூட்டும் கூடுதல் காம்பு உடம்பில் இருக்குமாம். ஜூன் 2 காலை பத்து மணி வாக்கில் ஒன்பது பெண்களும் ஒரு அறுவை மருத்துவரும் பிரிட்ஜெட் பிஷப், ரெபெக்கா நர்ஸ் முதலியோரைச் சோதித்து, இருக்கிறது என்று எழுதினார்கள். அன்றே மாலை நான்கு மணிக்கு அதே குழு மறுபடி பார்த்தது; காலையில் பார்த்தது இல்லை, காய்ந்த தோல்தான். இரண்டு அறிக்கையும் கோப்பில் இருக்கின்றன. ஆறு மணி நேரத்தில் மறைந்துபோனதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் மாயத்தின் கணக்கில் எழுதிவிட முடியும்.

பழைய புகைச்சல். பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் செத்த பன்றி, நோயில் விழுந்த குழந்தை, சண்டைக்குப் பிறகு கவிழ்ந்த வண்டி. இவற்றைச் சொல்லப் பெரியவர்கள் சத்தியம் செய்து வந்தார்கள். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. உருச் சாட்சியத்துக்குப் பக்கத்தில் வைத்தால், 'உரு மட்டும் இல்லை, வேறு ஆதாரமும் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ள நீதிபதிகளுக்கு உதவியது.

ஒப்புதல். என் கணக்கில் வழக்குகளைப் பெருக்கியது இதுதான். ஒப்புக்கொண்டால் உடனே தூக்கு இல்லை. அப்ரூவர் மாதிரி, மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கத் தேவைப்படுவார். மறுத்தால் தூக்கு. ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்ற ஒருவர்கூடத் தூக்கில் தொங்கவில்லை. சாமுவேல் வார்ட்வெல் ஒப்புக்கொண்டு, பிறகு அது பொய் என்று திரும்பப் பெற்றார். செப்டம்பர் 22 அன்று தொங்கினார். பொய் சொல்வது பாவம் என்று மெய்யாகவே நம்பியவர்கள்தான் செத்தார்கள். ஒப்புக்கொண்டவர் தனியாகச் சாத்தானைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கூட யார் இருந்தார்கள் என்ற கேள்வி தயாராக இருக்கும். பக்கத்து ஆண்டோவரில் கோடையில் இது நுழைந்ததும் குற்றம் சாட்டப்பட்டவர் எண்ணிக்கை சேலம் கிராமத்தையே தாண்டியது அதனால்தான்.

ஒப்புதல் எப்படி வாங்கினார்கள் என்பதற்கு ஜூலை 23 தேதியிட்டு ஜான் ப்ராக்டர் சிறையிலிருந்து போதகர்களுக்கு எழுதிய கடிதம் சாட்சி. தன் மகனின் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் கொட்டும் வரை விட்டார்கள் என்கிறார். வழக்கை பாஸ்டனுக்கு மாற்றுங்கள், இல்லையேல் நீதிபதிகளையாவது மாற்றுங்கள் என்று கேட்டார். ஆகஸ்ட் 19இல் அவரும் போனார்.

ரெபெக்கா நர்ஸ் வழக்கைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 71 வயது, சபை உறுப்பினர். அவர் நல்லவர் என்று 39 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள், அதுவும் அந்த நேரத்தில். ஜூரி நிரபராதி என்றே தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட கூட்டம் மன்றத்தில் பெருங்கூச்சல் போட்டது. ஸ்டௌட்டன் ஜூரியிடம், நான் வற்புறுத்தவில்லை, ஆனால் ஒப்புக்கொண்ட கைதி ஒருத்தியைச் சாட்சியாகக் கொண்டுவந்தபோது இவர் "இவள் எங்களில் ஒருத்தி ஆயிற்றே" என்றாரே, அதை யோசித்தீர்களா என்றார். ஜூரித் தலைவர் திரும்பி வந்து அதற்குப் பொருள் கேட்டார். நர்ஸுக்குக் காது மந்தம், மனமும் உடைந்திருந்தது, பதில் வரவில்லை. மௌனத்தை ஒப்புதலாகக் கொண்டு குற்றவாளி என்றார்கள். 'எங்களில் ஒருத்தி' என்றது எங்களோடு அடைபட்ட கைதி என்ற பொருளில் என்று பிறகு எழுதிக் கொடுத்தார். கவர்னர் தண்டனையை நிறுத்திவைத்து, பிறகு அதையும் திரும்பப் பெற்றார். ஜூலை 19இல் தூக்கு.

தெருவிளக்கு

வழக்காடி சார், அந்த "ஏன் வதைக்கிறாய்", இந்த "எங்களில் ஒருத்தி" இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் கொஞ்ச நேரம் மேலே போக முடியவில்லை. பூஞ்சை விஷயம் யாராவது?

நுண்ணோக்கி

1976இல் லிண்டா கேப்போரேல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது அது. ரை கதிரில் வரும் எர்காட் பூஞ்சை, கம்பில் வரும் தேனொழுகல் நோய்க்கு அண்ணன் முறை. தானிய மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கொம்பு போல வளரும். அதிலுள்ள ஆல்கலாய்டுகள் நரம்பையும் ரத்தக் குழாயையும் தாக்கும். இழுப்பு, தோலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மாயத் தோற்றம் எல்லாம் வரும். கேட்கக் கச்சிதமாக இருக்கும். அதே வருடமே நிக்கோலஸ் ஸ்பானோஸும் ஜாக் காட்லீபும் அதே இதழில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இணையத்துக்கு முதல் கட்டுரை மட்டும் வந்து சேர்ந்தது.

ஏன் பொருந்தவில்லை என்றால்: இழுப்பு வகை எர்காட் நஞ்சு வருவது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைந்த இடங்களில். பாலும் மீனும் கிடைத்த ஊரில் விரல் அழுகும் வகைதான் எதிர்பார்க்க வேண்டியது. சேலம் பதிவில் அழுகல் இல்லை. ஒரே மாவைத் தின்னும் குடும்பத்தில் எல்லோருக்கும், குறிப்பாகச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு முதலில் வர வேண்டும். இங்கே பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு பற்றிப் பேச்சில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றவாளி உள்ளே நுழைந்ததும் தொடங்கி, தொட்டதும் நின்று, அவர் உதட்டைக் கடித்தால் தங்கள் உதட்டிலும் கடிபட்டதாகக் காட்டுகிற நஞ்சு எதுவும் மருந்தியலில் கிடையாது.

அதற்காக எல்லாமே நடிப்பு என்றும் சொல்லமாட்டேன். கூட்டு மனநோய் வெடிப்பு என்று இன்று நாம் சொல்வது பார்வையாலும் சத்தத்தாலும் பரவும். இறுக்கமான கட்டுப்பாட்டில் இருக்கும் இளையவர்களிடம் வேகமாகப் பரவும். கவனிக்கக் கூட்டம் கூடினால் வலுக்கும். பெரியவர்கள் இதற்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால் அறிகுறிகள் அந்தப் பெயருக்கேற்ப வடிவெடுக்கும். தணிக்கிற முறை சாதாரணமானது: பிரித்துவைப்பது, கூட்டத்தைக் கலைப்பது, பயமுறுத்தாமல் ஆறுதல் சொல்வது. பெட்டி பாரிஸை மார்ச் மாதமே சேலம் நகரில் வேறொரு குடும்பத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அந்தச் சிறுமி எந்த விசாரணையிலும் இல்லை. மற்றவர்களை வாராவாரம் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

தெரிந்தே செய்ததும் உண்டு. சாரா குட் வழக்கில் ஒருத்தி, உரு தன்னைக் கத்தியால் குத்தியது என்று உடைந்த அலகுத் துண்டைக் காட்டினாள். ஒரு இளைஞன் எழுந்து வந்து மீதிக் கத்தியைக் காட்டினான். நேற்று அவள் எதிரிலேயே உடைந்தது, நான்தான் எறிந்தேன் என்றான். துண்டுகள் பொருந்தின. நீதிபதி அவளைப் பொய் சொல்லாதே என்று கண்டித்துவிட்டு, சாட்சியத்தைத் தொடரச் சொன்னார். பாஸ்டன் வணிகர் ராபர்ட் காலெஃப் பிறகு எழுதி வைத்தது இது.

ஒன்பதாம் வாய்க்கால்

எல்லாம் சரி, இதன் அடியில் இருப்பது நிலம். கைல்ஸ் கோரி வாய் திறக்காமல் செத்ததே சொத்து பறிபோகக் கூடாது என்றுதான். பணத்தை விட்டுவிட்டுப் பேய் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வழக்காடி

பாதி சரி. ஷெரிஃப் ஜார்ஜ் கார்வின் சொத்து அள்ளியது உண்மை. ப்ராக்டர் வீட்டில் ஆடுமாடுகளை ஓட்டிப்போனதாகக் காலெஃப் எழுதுகிறார். ஆனால் பிச்சை எடுத்த சாரா குட்டிடம் என்ன நிலம் இருந்தது?

கோரி விஷயம் நுட்பமானது. வயது எண்பதுக்கு மேல். அன்றைய நடைமுறையில் "குற்றவாளியா, இல்லையா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, ஜூரி விசாரணைக்கு ஒப்புக்கொண்டால்தான் வழக்கு நகரும். மறுப்பவரைச் சம்மதிக்க வைக்க, மல்லாக்கப் படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றுவார்கள். அது தண்டனை இல்லை, வாயைத் திறக்க வைக்கும் வழி. கோரி திறக்கவில்லை, செப்டம்பர் 19 அன்று செத்தார். மூன்றே நாளில் மனைவி மார்த்தாவுக்குத் தூக்கு. நிலத்தை அவர் ஜூலையிலேயே மருமகன்கள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். மௌனத்துக்குச் சொத்து மட்டும் காரணம் என்றால் அந்தப் பத்திரம் எதற்கு? அதுவரை அந்த மன்றத்தில் மறுத்து வாதாடியவர்களில் ஒருவரும் தப்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பழைய ஏடு

எப்படி நின்றது என்ற கேள்வி பாக்கி.

ஆகஸ்ட் 19இல் தூக்குமரத்தில் ஏறிய ஜார்ஜ் பரோஸ், முன்னாள் போதகர், பரமண்டல ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். சூனியக்காரரால் அது முடியாது என்பது ஊர் நம்பிக்கை. கூட்டம் கலங்கியது. குதிரைமேல் இருந்த காட்டன் மேத்தர், சாத்தான் ஒளியின் தூதன் வேடத்திலும் வருவான் என்று சொல்லி அடக்கினார். தேறினாலும் சாத்தான், தவறினாலும் சாத்தான்.

செப்டம்பரில் மேரி ஈஸ்டி (நர்ஸின் தங்கை) சாவதற்கு முன் கொடுத்த மனுவைத் தேடிப் படியுங்கள். என் உயிருக்காகக் கேட்கவில்லை, நான் சாக வேண்டும் என்பது தெரியும் என்று தொடங்கி, இரண்டு செயல்முறைகளைச் சொல்கிறார்: பாதிக்கப்பட்டவர்களைச் சில காலம் தனித்தனியாகப் பிரித்து வைத்துக் கடுமையாக விசாரியுங்கள், ஒப்புக்கொண்டவர்களில் சிலரையும் விசாரணைக்கு நிறுத்துங்கள். நுண்ணோக்கி சொன்ன மருந்தும் வழக்காடி சொன்ன ஓட்டையும் தூக்குக் கைதியின் இரண்டே வரியில் இருக்கின்றன. 22ஆம் தேதி மற்ற ஏழு பேரோடு அவரையும் தொங்கவிட்டார்கள். அதுதான் கடைசித் தூக்கு.

அக்டோபர் 3 அன்று இன்க்ரீஸ் மேத்தர் (காட்டனின் தந்தை) போதகர்கள் கூட்டத்தில் படித்த உரையில், ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துச் சூனியக்காரிகள் தப்பிப்பது மேல் என்றார். பாஸ்டன் வணிகர் தாமஸ் பிராட்டிலின் அக்டோபர் 8 தேதியிட்ட கடிதம் இன்னும் கூர்மை: நீதிபதி ஜோனதன் கார்வினின் (ஷெரிஃப் வேறு ஆள்) மாமியார்மேல் குற்றம் சொன்னபோது மட்டும் ஏன் வாரண்ட் போகவில்லை? குற்றச்சாட்டு மேல்தட்டை எட்டியிருந்தது. கவர்னரின் மனைவி பெயரும் அடிபட்டது. ஃபிப்ஸுக்கு ஞானோதயம் அப்போதுதான் வந்தது என்று பலர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. அக்டோபர் கடைசியில் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. 1693 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கூடியது. தலைமை, அதே ஸ்டௌட்டன். ஊரும் அதே ஊர். ஆனால் உருச் சாட்சியத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஃபிப்ஸ் லண்டனுக்கு எழுதிய கணக்குப்படி விசாரித்தது 52 பேரை. மூவரைத் தவிர எல்லோரும் விடுதலை. அந்த மூவரையும் முன்பே தண்டிக்கப்பட்ட ஐவரையும் தூக்கில் போட ஸ்டௌட்டன் உத்தரவிட, கவர்னர் நிறுத்திவைத்தார். ஸ்டௌட்டன் கோபித்துக்கொண்டு மன்றத்தைவிட்டு எழுந்து போய்விட்டார். ஊரார் மனம் மாறியதா என்றால், பயம் அப்படியேதான் இருந்தது. மாறியது ஒரு விதி.

மறுகரை

இதையே எண்பது வருடத்துக்கு முன்பு செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. யாரும் எதிர்பார்க்காத இடம்: ஸ்பானிய இன்க்விசிஷன், அதாவது கத்தோலிக்க மத விசாரணை மன்றம்.

பாஸ்க் நாட்டு சுகர்ராமுர்டி கிராமத்தில் 1609இல் தொடங்கிய அலை. 1610 நவம்பரில் லோக்ரோன்யோவில் ஆறு பேரை உயிரோடு எரித்தார்கள், சிறையில் செத்துப்போன ஐவரைப் பொம்மையாக எரித்தார்கள். தீர்ப்பளித்த மூவரில் இளையவர் அலோன்சோ டி சலாசார் ஃப்ரியாஸுக்கு மனம் ஒப்பவில்லை. 1611இல் மலைக் கிராமங்களுக்கு மன்னிப்பு அறிக்கையோடு போனார். எட்டு மாதத்தில் 1,802 பேர் விஷயத்தைக் கேட்டு முடித்தார். அதில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். 81 பேர் முன்பு சொன்னதைப் பொய் என்று திரும்பப் பெற்றார்கள்.

அவர் செய்தது உபதேசம் இல்லை, சரிபார்ப்பு. சூனியக்காரர்கள் இரவில் கூடியதாகச் சொன்ன இடத்துக்கு ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப்போய்க் காட்டச் சொன்னார். ஆளுக்கொரு இடம் காட்டினார்கள். கூடுவதாகச் சொன்ன இரவில் தன் எழுத்தர்களை அங்கே அனுப்பினார், யாரும் வரவில்லை. பறக்கப் பூசும் தைலம் என்று பிடிபட்ட 22 சட்டிகளை மருத்துவர்களிடமும் மருந்துக்காரர்களிடமும் கொடுத்தார், விலங்குகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. சாத்தானோடு கூடியதாகச் சொன்ன பெண்களை மருத்துவச்சிகள் சோதித்தபோது கன்னியராக இருந்தார்கள். பேசவும் எழுதவும் தொடங்கும் வரை அங்கே சூனியக்காரியும் இல்லை, சூனியம் பிடித்தவரும் இல்லை என்று எழுதினார்.

உடன் இருந்த இரு விசாரணையாளர்களும் கடைசி வரை எதிர்த்தார்கள். 1614 ஆகஸ்டில் தலைமைச் சபை சலாசார் பக்கம் நின்று 32 விதிகள் போட்டது. அங்கே இன்க்விசிஷன் சூனியத்துக்காக எரிப்பது நின்றது. சூனியத்தை அவர்களும் நம்பியவர்கள்தான், ஆதாரத்தைத்தான் நம்பவில்லை.

தெருவிளக்கு

நன்றி எல்லோருக்கும். கடைசியாக ஒன்று. மன்னிப்பு, இழப்பீடு ஏதாவது? டிட்டுபா என்ன ஆனார்?

பழைய ஏடு

1697 ஜனவரியில் உபவாச நாள் அன்று நீதிபதி சாமுவேல் சூவல் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பைப் போதகர் படித்தார். பன்னிரண்டு ஜூரிகள் எழுதிக் கொடுத்தார்கள். 1706இல் ஆன் பட்னம், தாமஸின் மகள், சபை முன் தன் தவறை ஏற்றார். சாத்தானின் மாயையில் விழுந்தேன் என்றுதான் அப்போதும் சொன்னார். ஸ்டௌட்டன் வாய் திறக்கவில்லை. 1711இல் 22 பேர் மீதான தீர்ப்பு ரத்தாகி £578 12 ஷில்லிங் ஒதுக்கினார்கள். சாரா குட்டின் மகள் டொரதிக்கு நான்கைந்து வயதுதான். எட்டு மாதம் விலங்கில் கிடந்தாள், புத்தி பேதலித்தது. தகப்பனுக்குக் கிடைத்தது £30. சிலர் பெயர் விட்டுப்போய் 1957, 2001 என்று இழுத்தது. எலிசபெத் ஜான்சன் ஜூனியர் மீதான பழியை நீக்கியது 2022இல், ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் கேட்டதால்.

சிறையில் சாப்பாட்டுக்கும் விலங்குக்கும் கைதியே காசு கட்ட வேண்டும். விடுதலை ஆனாலும் பாக்கி தீராமல் கதவு திறக்காது. டிட்டுபா மீதான வழக்கை 1693 மேயில் கிராண்ட் ஜூரி (வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முன்பே முடிவு செய்யும் குழு) ஏற்கவில்லை. அதுவரை ஓராண்டுக்கு மேல் உள்ளே. பாரிஸ் பாக்கியைக் கட்ட மறுத்துவிட்டார். வேறு யாரோ கட்டி அவரை வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கியவர் பெயர் ஆவணத்தில் இல்லை. அதற்குப் பிறகு டிட்டுபாவின் பெயரும் இல்லை.